மெக்சிகோவுக்கு எந்தத் திருவிழாவுக்கு வருவது?

டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கிற நம்மவர்கள் யாராவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போன் செய்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "மெக்சிகோ சிட்டிக்கு எப்போ வரலாம்?" நான் இங்கே வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் "எப்போ வேணும்னாலும் வாங்க, வீடு இருக்கு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நம்பி ஒரு குடும்பம் காலண்டரைப் பார்த்து, நவம்பர் மூன்றாம் திங்கட்கிழமை அரசு விடுமுறை, பெரிய திருவிழாவாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்து இறங்கியது. அது 1910ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவு விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் நாடு முழுக்க நடப்பது 'புவென் ஃபின்' என்கிற தள்ளுபடி விற்பனை, 2011லிருந்து வருடா வருடம். நான்கு நாளும் டிவி பெட்டி தூக்கிக்கொண்டு போகிறவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. அதே குடும்பம் இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் நவம்பர் 2, இறந்தவர் நாள் திருவிழா. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி தேதியை நான்தான் சொல்லுவேன் என்று.

அதனால் முதலில் அரசு விடுமுறைப் பட்டியலை ஓரமாக வையுங்கள். இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 74ஆம் பிரிவு கட்டாய விடுமுறை என்று சொல்வது வருடத்துக்கு ஏழே நாள்: ஜனவரி 1, பிப்ரவரி முதல் திங்கள், மார்ச் மூன்றாம் திங்கள், மே 1, செப்டம்பர் 16, நவம்பர் மூன்றாம் திங்கள், டிசம்பர் 25. போதாக்குறைக்குத் தேர்தல் நாட்கள், ஆறு வருடத்துக்கு ஒரு முறை புது அதிபர் பதவியேற்கிற அக்டோபர் 1. இதில் மதம் சம்பந்தப்பட்டது கிறிஸ்துமஸ் ஒன்றுதான். புனித வெள்ளி கிடையாது, இறந்தவர் நாளான நவம்பர் 2 கிடையாது, நாடே தாயாகக் கும்பிடுகிற குவாதலூப்பே மாதாவின் டிசம்பர் 12ம் கிடையாது. அந்த மூன்று நாளும் வங்கிகள் மூடியிருக்கும் என்பது நிஜம், ஆனால் முதலாளி வேலைக்கு வா என்றால் சாதாரணச் சம்பளத்துக்கே போக வேண்டியதுதான். பட்டியலில் இருக்கிற நாளில் வேலை வாங்கினால்தான் மூன்று மடங்கு கூலி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மார்ச் மாத விடுமுறை பெனீத்தோ ஹுவாரெஸ் பிறந்த நாளுக்காக. சபோத்தெக் பழங்குடியில் பிறந்து அதிபரானவர், திருச்சபையின் சொத்தையும் அதிகாரத்தையும் பிடுங்கி அரசையும் மதத்தையும் பிரித்தவர். ஆனால் 1859ல் அவருடைய அரசு போட்ட பண்டிகை நாள் சட்டத்தில் பெரிய வியாழன், புனித வெள்ளி, நவம்பர் 1, 2, டிசம்பர் 12 எல்லாம் இருந்தன. மதத்தோடு சண்டை போட்டவரே கை வைக்கத் தயங்கிய நாட்கள் இன்றைய பட்டியலில் இல்லை, அவர் பிறந்த நாள் இருக்கிறது. அதுவும் மார்ச் 21ல் இல்லை. 2006லிருந்து பிப்ரவரி, மார்ச், நவம்பர் விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள், சனி ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கட்டும் என்று. இப்படிச் சேர்ந்து வருகிற விடுமுறைக்கு இங்கே 'புவெந்தே' என்று பெயர், பாலம் என்று அர்த்தம். பாலத்தில் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு குவெர்னவாக்கா பக்கம் போய்விடுவார்கள், நெடுஞ்சாலை ஞாயிறு இரவு நகராது, அவ்வளவுதான் கொண்டாட்டம்.

ஆக, விருந்தாளிக்கு உருப்படியான தேர்வு நான்குதான்: செமானா சாந்தா என்கிற புனித வாரம், செப்டம்பர் 15 இரவு, இறந்தவர் நாட்கள், அப்புறம் டிசம்பர். கூட்டம், காசு, மழை எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் கேட்கிற கேள்வி வேறு: அந்த இடத்தில் நீங்கள் யாராக நிற்பீர்கள்? வேடிக்கை பார்க்கிறவராகவா, விருந்தாளியாகவா, அல்லது இடைஞ்சலாகவா?

புனித வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஈஸ்டர் தேதி மாறுவதால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரத்துக்கு மேலும் எங்கே வேண்டுமானாலும் விழும். 2025ல் ஈஸ்டர் ஏப்ரல் 20, 2026ல் ஏப்ரல் 5, 2027ல் மார்ச் 28. ஈஸ்டருக்கு முந்தின வாரமும் அடுத்த வாரமும் பள்ளிக்கூடம் லீவு. விளைவு, தலைநகரத்தில் வசதி உள்ள பாதி ஜனம் கடற்கரையில் இருக்கும். அகபுல்கோ, புவெர்த்தோ வயார்த்தா பக்கம் அந்த இரண்டு வாரம் போகவே போகாதீர்கள். நான் ஒரு முறை போனேன். மூன்று மாதம் முன்னால் காசு கட்டிப் போட்ட அறையை அந்த ஹோட்டல்காரர்கள் அதிக விலைக்கு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, "சிஸ்டத்தில் உங்கள் பெயர் இல்லையே" என்றார்கள். இரண்டு குழந்தைகளோடு ராத்திரி பத்து மணிக்கு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஊருக்கு வெளியே, கடல் வாடைகூட வராத ஒரு இடத்தில் கட்டில் கிடைத்தது.

அதே வாரம் மெக்சிகோ சிட்டி காலியாக இருக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். வழக்கமாக ஒன்றரை மணி நேரம் எடுக்கிற சாலையில் இருபத்தைந்து நிமிடத்தில் போகலாம். ஜக்கராந்தா மரங்கள் பூத்து ஓய்கிற நேரம், நடைபாதையெல்லாம் ஊதாப் பூ உதிர்ந்து கிடக்கும். அந்த மரங்களை இந்த நகரத் தெருக்களுக்குக் கொண்டு வந்தவர் தத்சுகோரோ மத்சுமோத்தோ என்ற ஜப்பானியத் தோட்டக்கலைஞர். ஊர் சுற்றிப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம், திருவிழா இரண்டாம்பட்சம் என்றால் தயங்காமல் அந்த வாரம் வாருங்கள்.

திருவிழாவுக்கே வருகிறீர்கள் என்றால் இஸ்தபலாப்பா. நகரத்தின் கிழக்கே இருக்கிற உழைக்கும் மக்கள் பகுதி. 1833ல் காலரா வந்து ஊர் செத்துக்கொண்டிருந்தபோது செய்த வேண்டுதலின் நன்றிக்கடனாக 1843லிருந்து பாடுகளின் நாடகம் போடுகிறார்கள். எட்டுப் பேட்டைகளைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களே நடிகர்கள். புனித வெள்ளியன்று இயேசுவாக வருகிற இளைஞர் கிட்டத்தட்ட நூறு கிலோ சிலுவையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வந்து எஸ்த்ரெய்யா குன்று ஏறுவார். அதே குன்றில்தான் ஆஸ்டெக்குகள் 52 வருடத்துக்கு ஒரு முறை புது நெருப்பு மூட்டினார்கள், கடைசியாக 1507ல். அவருக்குப் பின்னால் ஊதா அங்கியும் முள் முடியும் போட்டு, ஆளுக்கொரு சிலுவையோடு, செருப்பில்லாமல் நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள், அவர்கள் நடிகர்கள் இல்லை, நேர்த்திக்கடன்காரர்கள். தார் ரோடு கொதிக்கும். காவடி எடுத்து வருகிறவர் காலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இங்கேயும் வீட்டு வாசலில் குழாய் வைத்துத் தெருவை நனைப்பதைப் பார்த்தேன். தாஸ்கோ நகரம் இன்னும் உக்கிரம், தலையை மூடிய கறுப்புத் துணி, தோளில் முள் கட்டு, கையில் மெழுகுவர்த்தி. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு இடத்திலும் நீங்கள் வேடிக்கை பார்க்கிறவர்தான், லட்சம் பேரில் ஒருவராக முதுகுகளையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதில் தப்பில்லை, தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறேன்.

செப்டம்பரைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் அது ஒரே ஒரு ராத்திரி. 15ஆம் தேதி இரவு பதினொன்று வாக்கில் அதிபர் தேசிய மாளிகை பால்கனிக்கு வந்து, 1810ல் பாதிரியார் இதால்கோ தொலோரெஸ் ஊரில் அடித்த அதே மணியை அடித்து, விடுதலை வீரர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "விவா மெஹிகோ" என்று மூன்று முறை கத்துவார். கீழே சோக்காலோ சதுக்கம் முழுக்கத் திரும்பக் கத்தும். 2025ல் க்ளாவ்தியா ஷேன்பாம் அடித்தபோதுதான் முதல் முறையாக ஒரு பெண் அதிபர் கை அந்தக் கயிற்றை இழுத்தது. கேட்கிறபோது உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்கே இடம் பிடிக்க வேண்டும், அது மழைக்காலம், சாயங்காலமானால் கொட்டும், குடையை விரித்தால் பின்னால் நிற்கிறவர் திட்டுவார். உள்ளூர் நண்பர்கள் யாரும் சோக்காலோவுக்குப் போவதில்லை. அவரவர் பேட்டைச் சதுக்கத்திலோ வீட்டு மாடியிலோ பொசோலே என்கிற சோளச் சூப் கிண்ணத்தோடு டிவியில் பார்க்கிறார்கள். அந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கிற சீலெஸ் என் நொகாதா, அதாவது பெரிய பச்சை மிளகாய்க்குள் கறியும் பழமும் அடைத்து, வால்நட் குழம்பு ஊற்றி, மேலே மாதுளை முத்து தூவி, தேசியக் கொடி நிறத்தில் தட்டில் வருவது, பூயெப்லாக்காரர்கள் பெருமை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் இல்லை. இன்னொன்று: 1985லும் 2017லும் பெரிய நிலநடுக்கம் வந்தது செப்டம்பர் 19ல். அதன் நினைவாக அன்றைக்கு நாடு தழுவிய ஒத்திகை நடக்கும், ஒலிபெருக்கியில் அந்தச் சைரன் ஊளையிடும். 2022ல் ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நிஜமாகவே ஆடியது, அதுவும் அதே 19ஆம் தேதி. என் மாமியார் அப்போது இங்கே இருந்தார். அதற்கப்புறம் செப்டம்பர் என்றாலே வர மாட்டேன் என்றுவிட்டார்.

இப்போது எல்லாரும் கேட்கிற நவம்பர் 2.

இதற்காக வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நீங்கள் வீடியோவில் பார்த்த அந்தப் பிரம்மாண்ட ஊர்வலம் பழைய சடங்கு இல்லை. 2015ல் வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கத்தில் மெக்சிகோ சிட்டியில் எலும்புக்கூடு ஊர்வலம் ஒன்றைக் கற்பனையாகக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று 2016லிருந்து நகர நிர்வாகம் நிஜமாகவே ஒன்றை நடத்துகிறது. நன்றாகத்தான் இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், முகத்தில் மண்டை ஓடு வரைந்துவிட ரோட்டோரத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதற்காக மட்டும் விமான டிக்கெட் போட வேண்டியதில்லை.

அசல் விஷயம் வீட்டுக்குள்ளும் கல்லறையிலும் நடக்கிறது. ஒஃப்ரெந்தா என்பது படையல்தான், வேறு எப்படிச் சொன்னாலும் சுற்றி வளைப்பதாகிவிடும். இறந்தவர் போட்டோ, ஒரு தம்ளர் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, சாம்பிராணி மாதிரியே புகைகிற கொப்பால், அவருக்குப் பிடித்த சாப்பாடு. அவர் பீர் குடித்தவர் என்றால் பீர், சிகரெட் என்றால் சிகரெட். நம் ஊரில் தாத்தா படையலில் சுருட்டும் சாராயமும் வைக்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு விளக்கமே வேண்டாம். பூ விஷயம் இன்னும் ஆச்சரியம். செம்பசூச்சில் என்று இவர்கள் கூடை கூடையாக வாங்கி, கல்லறையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் இதழைத் தூவி இறந்தவருக்கு வழி காட்டுகிறார்களே, அது நம் செண்டுமல்லி. நிலக்கோட்டைச் சந்தையில் மூட்டையில் இறங்குகிற அதே செண்டுமல்லிக்குப் பூர்வீகம் இந்த மண்தான். முதல் வருடம் மெத்ரோ வாசலில் அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஒரு நொடி குழம்பிவிட்டது.

நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. எங்கே போவது என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். பாட்ஸ்குவாரோ ஏரி நடுவில் இருக்கிற ஹனீட்ஸியோ தீவு எல்லாப் பயணக் குறிப்பிலும் முதலில் வரும். படகுக்கு வரிசை, மேலே ஏற வரிசை, இறங்க வரிசை, கல்லறை ஓரத்தில் பீர்க் கடை, ராத்திரிக் குளிர் எலும்பில் ஏறும். வஹாக்கா நகரம் அழகு, இசையோடு தெரு ஊர்வலங்கள் விடிய விடிய ஓடும், ஆனால் அறை வாடகை அந்த வாரம் இரண்டு மூன்று மடங்கு. தலைநகரத்துக்குள்ளேயே தெற்கு ஓரத்தில் இருக்கிற மிஸ்கிக் கிராமத்தில் 2ஆம் தேதி மாலை கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

மிஸ்கிக்கில்தான் எனக்கு இந்த 'யாராக நிற்கிறோம்' என்கிற கேள்வியே வந்தது. ஒரு பாட்டி. வாளித் தண்ணீரும் சோப்புத்தூளும் வைத்துக்கொண்டு கல்லைத் துணி துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவர் மகன், காலடியில் ஒரு ரேடியோ. கல்லில் பொறித்திருந்த வருடங்களைக் கழித்துப் பார்த்தேன், பத்தொன்பது வயது. தேய்த்து முடித்துப் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினார். அப்போது ஒரு வெளிநாட்டுக்காரர் பெரிய கேமராவோடு குனிந்து, கொஞ்சம் நகரச் சொல்லிக் கையைக் காட்டினார், வெளிச்சம் மறைக்கிறதாம். பாட்டி ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். எனக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது, என் கையிலும் போன் இருந்தது.

அதனால் நவம்பருக்கு நான் சொல்கிற ஊர் வாக்கெச்சூலா. பூயெப்லா மாநிலத்தில், அத்லிஸ்கோவுக்குத் தெற்கே, வழியெல்லாம் செம்பசூச்சில் வயல். கடந்த ஒரு வருடத்துக்குள் சாவு விழுந்த வீடுகளில் கூரை முட்ட வெள்ளை சாட்டின் துணியில் அடுக்கடுக்காகப் படையல் கட்டுவார்கள், கீழ் அடுக்கில் போட்டோவைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வைத்து. கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், கையில் ஒரு மெழுகுவர்த்தி கொண்டுபோவது முறை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் ரொட்டியும் சாக்லேட் பானமும் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் காப்பி கொடுப்பார்களே, அது மாதிரி. அங்கே நீங்கள் இடைஞ்சல் இல்லை. வானிலையும் பிரமாதம், மழை விட்டிருக்கும், பகலில் இளவெயில்.

அப்படியென்றால் நவம்பர்தானே என்கிறீர்களா? குழந்தை இல்லாத ஜோடிக்கு, அல்லது போன வருடம் வீட்டில் யாரையாவது இழந்தவர்களுக்கு, ஆமாம். மற்றவர்களை நான் டிசம்பருக்குத்தான் கூப்பிடுகிறேன். அதிலும் குறிப்பாக 10லிருந்து 18 வரை.

காரணம் சொல்கிறேன். டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா நாள். 1531ல் தெபெயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற உள்ளூர்க்காரருக்கு மாதா காட்சி கொடுத்து, கற்றாழை நாரில் நெய்த அவர் மேலாடையில் தன் உருவத்தைப் பதித்தார் என்பது நம்பிக்கை. அதே குன்றில் தோனான்ட்சின் என்ற தாய் தெய்வத்தை மக்கள் முன்பே கும்பிட்டு வந்தார்கள் என்று அந்த நூற்றாண்டுப் பாதிரியார் சகாகூன் எழுதி வைத்திருக்கிறார், கொஞ்சம் எரிச்சலோடு. பழைய கோயில் பூமியில் புதைந்து சாய்ந்துவிட்டதால் 1976ல் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் வட்டமாக ஒரு புதுக் கோயில் கட்டினார். மாதா படத்துக்குக் கீழே விமான நிலையத்தில் இருக்கிற மாதிரி நகரும் நடைபாதை. யாரும் நின்று வழியை அடைக்க முடியாது. திருப்பதியில் "ஜருகண்டி" சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள், இங்கே அந்த வேலையை மெஷின் செய்கிறது.

ஆனால் பார்க்க வேண்டியது கோயில் இல்லை, 11ஆம் தேதி பகலும் இரவும் அதற்குப் போகிற சாலை. பழனிப் பாதயாத்திரை பார்த்தவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம். பூயெப்லாவிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், முதுகில் கட்டில் பலகை அளவுக்கு மாதா படத்தைக் கயிற்றால் கட்டி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூவும் சீரியல் லைட்டும். தீப்பந்தத்தைக் கை மாற்றி ஓடி வருகிற இளைஞர்கள். முட்டி போட்டு வருகிறவர்கள், அவர்களுக்கு முன்னால் போர்வையை விரித்து, தாண்டியதும் உருவி, மறுபடி முன்னால் விரிக்கிற தம்பியோ தங்கையோ. மீசை வரைந்து ஹுவான் தியேகோ வேஷம் போட்ட இரண்டு வயதுப் பையன்கள். ஓரமெல்லாம் வண்டியை நிறுத்திக் குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கொடுப்பார்கள், காசு கிடையாது. என் கையில் ஒரு அம்மா சூடான அத்தோலே கோப்பையைத் திணித்தார். நான் நடந்து வரவில்லை, பக்கத்துத் தெருவிலிருந்துதான் வருகிறேன் என்று என் ஓட்டை ஸ்பானிஷில் சொன்னேன். "குளிருதில்ல? குடி" என்றார். நள்ளிரவில் மாதாவுக்குப் பிறந்தநாள் பாட்டு பாடுவார்கள். கோயில் முற்றத்துக்குள் குழந்தைகளோடு அந்த நேரத்தில் நுழைய வேண்டாம், நசுங்கிவிடுவீர்கள், சாலையே போதும்.

16ஆம் தேதியிலிருந்து 24 வரை ஒன்பது இரவும் போசாதா. தங்க இடம் தேடி அலைந்த மரியாளையும் சூசையையும் நினைத்து, ஒரு கூட்டம் மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்று இடம் கேட்டுப் பாடும், உள்ளே ஒரு கூட்டம் முடியாது போ என்று பதிலுக்குப் பாடும், கடைசியில் கதவு திறக்கும். 1587ல் தியோத்திவாகான் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிற அகோல்மான் மடத்துப் பாதிரியார் தியேகோ தெ சோரியா போப்பிடம் அனுமதி வாங்கித் தொடங்கிய வழக்கம் இது. பிரமிடு பார்க்கப் போகிற வழியில் அந்த மடத்தையும் பார்த்துவிடலாம். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கயிறு கட்டிப் போக்குவரத்தை மறித்துவிடுவார்கள். விருந்தாளிகளை வாசல் கூட்டத்தில் சேர்த்து, கையில் பாட்டு அச்சடித்த தாளைக் கொடுத்துவிடுவேன். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் ராகம் இரண்டு நிமிடத்தில் பிடிபடும். அப்புறம் பின்யாத்தா, அதாவது உறியடியேதான், ஏழு முனை நட்சத்திரம், ஏழு பாவத்துக்கு. கண்ணைக் கட்டி, குச்சி கொடுத்து, மாடியிலிருந்து ஒருவர் கயிற்றை ஏற்றி இறக்குவார். உடைந்தால் வேர்க்கடலை, கரும்புத் துண்டு, ஆரஞ்சு, மிட்டாய். போன வருடம் வந்த நண்பரின் எட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் மூன்று நாளாக எங்களோடு பேசவே கூச்சம். அன்றைக்குக் கடலை பொறுக்கப் பாய்ந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, அந்த ரத்தத்தைப் பெருமையாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டிலும் டிசம்பர் கொஞ்சம் பரவாயில்லை. கொய்யா, கரும்பு, தெஹொகோத்தே பழம் போட்டுக் கொதிக்க வைக்கிற போஞ்சே எல்லாருக்கும் ஆகும் (சாராயம் ஊற்றாத பாத்திரம் எது என்று கேட்டு வாங்குங்கள்). புன்யுவேலோ என்ற அப்பளம் மாதிரியான இனிப்பு கிடைக்கும். தமால், அதாவது சோள மாவில் அவிக்கிற கொழுக்கட்டை, அதில் மட்டும் எச்சரிக்கை: உள்ளே மிளகாயும் சீஸும்தான் என்று சொல்வார்கள், சத்தியமான பேச்சுதான், ஆனால் மாவைப் பிசைவது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில். "மந்தேக்கா இருக்கா?" என்று கேளுங்கள். ரொமெரீத்தோஸ் கீரைதானே என்று கை வைத்தால் காய்ந்த இறால் பொடி இருக்கும். அலுவலகங்கள் நடத்துகிற வருடக் கடைசி பார்ட்டிக்கும் போசாதா என்றுதான் பெயர், அதில் மாதாவும் இல்லை பாட்டும் இல்லை, டெக்கீலாவும் குலுக்கல் பரிசும்தான். யாராவது அதற்குக் கூப்பிட்டால் இதுதான் அது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

18ஐத் தாண்ட வேண்டாம் என்பதற்குக் காரணம் பணம். 20ஆம் தேதிக்குள் எல்லாத் தொழிலாளிக்கும் குறைந்தது பதினைந்து நாள் சம்பளம் போனஸாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கூடமும் மூடிவிடும். நாடே ஒரே நேரத்தில் பயணம் கிளம்பும், விமானம், பஸ், அறை எல்லாம் எகிறும். குவாதலூப்பேயிலிருந்து மூன்று ராஜாக்கள் நாள் வரை, அதாவது டிசம்பர் 12 முதல் ஜனவரி 6 வரை ஓடுகிற இந்தச் சாப்பாட்டுக்கும் குடிக்கும் 'குவாதலூப்பே-ரெயெஸ் மராத்தான்' என்று இவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். வஹாக்காவில் 23ஆம் தேதி முள்ளங்கியைச் செதுக்கிப் பொம்மை செய்கிற போட்டி உண்டு, 1897லிருந்து நடக்கிறது, அதற்காகத் தங்குகிறேன் என்றால் தங்குங்கள், நான் தடுக்கவில்லை.

ஜனவரி 6 வரை இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அன்றைக்கு எல்லா அலுவலகத்திலும் வளையமாக ஒரு ரொட்டி வெட்டுவார்கள், ரோஸ்கா. உள்ளே சுண்டுவிரல் அளவில் குழந்தை இயேசு பொம்மை ஒளிந்திருக்கும். என் முதல் வருடம் அது என் துண்டில் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் ஏதோ பரிசு என்று சிரித்து வைத்தேன். பிப்ரவரி 2ஆம் தேதி காலை, "தமால் எங்கே?" என்று பதினான்கு பேர் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். பொம்மை வந்தவர் அன்றைக்கு எல்லாருக்கும் தமால் வாங்கித் தர வேண்டும். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். தெருமுனை வண்டியில் இருந்ததையெல்லாம் வாங்கி வந்தேன், அப்படியும் இரண்டு குறைந்தது, இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஜூலையில் வஹாக்காவில் கெலகெட்சா நடனத் திருவிழா இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். ஜூலை 16க்கு அப்புறம் வருகிற இரண்டு திங்கட்கிழமைகள்; அதில் முதலாவது 18ஆம் தேதியில் விழுந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள், ஹுவாரெஸ் இறந்த நாள் என்பதால். ஆட்டம் நன்றாக இருக்கும், நீங்கள் அரங்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்ப்பீர்கள். அமெரிக்காவில் இருக்கிறவர்கள் மே 5 பற்றிக் கேட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். அது பூயெப்லாவில் 1862ல் பிரெஞ்சுப் படையை ஜெயித்த நாள், அங்கே அணிவகுப்பு உண்டு, மற்றபடி இங்கே அன்றைக்கு எல்லாரும் ஆபீஸ் போகிறோம்.

விசா பற்றி: இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரை இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா வேண்டாம். முத்திரை காலாவதியாகி, அமெரிக்க அரசின் ஒப்புதல் கடிதம் மட்டும் கையில் இருந்தால் டிக்கெட் போடாதீர்கள். எதற்கும் தூதரகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பருக்கு வருகிறவர்கள் அக்டோபரில் சொன்னால் போதும். நவம்பர் 2க்கு என்றால் ஜூலையிலேயே சொல்லிவிடுங்கள், அத்லிஸ்கோவில் அறைகள் குறைவு. வாக்கெச்சூலாவுக்கு மெழுகுவர்த்தி அங்கேயிருந்து கொண்டு வர வேண்டாம், இங்கே சந்தையில் நல்லதாக வாங்கிக்கொள்ளலாம். ஆளுக்கு நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வீட்டோடு யாரும் திரும்புவதில்லை.